வேகத்தை முடிவு செய்வது யார்?

சிங்கப்பூரின் எம்ஆர்டி பெருவிரைவு ரயில் கிழக்கு-மேற்குப் பாதையில் ஓட்டுநர் முன்னே அமர்ந்திருந்தாலும், வழக்கமான ஓட்டத்தில் வேகத்தைத் தீர்மானிப்பது தானியங்கிக் கருவிதான்; எல்லையை மீறினால் அதுவே பிரேக்கைப் போட்டுவிடும். முன்பு தண்டவாளம் நிலையான பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது; ஒரு பகுதியில் ரயில் இருக்கும்வரை அடுத்த ரயில் அதில் நுழையாது. புதிய முறையிலோ ஒவ்வொரு ரயிலும் தன் இருப்பிடத்தை வானலை வழியே இடைவிடாமல் தெரிவிப்பதால், பாதுகாப்பு இடைவெளியும் அதனுடனேயே நகர்கிறது. உச்ச நேரத்தில் 120 வினாடிக்கு ஒன்றாக வந்த ரயில்களை 100 வினாடிக்கு ஒன்றாக விட முடிவது இதனால்தான் (அந்த 20 வினாடியைக் காலை அவசரத்தில் யார் கவனிக்கிறார்கள்!).

என்னைக் கேட்டால், கருவியைவிட, பழைய முறையிலிருந்து புதியதற்கு மாறும் காலமே சிக்கலானது. 2017 நவம்பர் 15 அன்று, பழுதான சமிக்ஞைச் சுற்று ஒன்றைக் கடந்த ரயிலைச் சூழ்ந்திருந்த பாதுகாப்பு வளையம் (மற்ற ரயிலை நெருங்கவிடாத இடைவெளி) நீங்கிவிட, ஜூ கூன் நிலையத்தில் பின்னால் நின்ற ரயில் தானாக நகர்ந்து அதன்மீது மோதியது. அதன்பின் பழைய முறையையும் புதிய முறையையும் தனித்தனியே இயக்குவதற்காக, ஜூ கூனுக்கும் அடுத்த நிலையமான கல் சர்க்கிளுக்கும் இடையிலான ரயில் சேவையை 2018 வரை நிறுத்தி, பயணிகளைப் பேருந்தில் அனுப்பினார்கள்.