கிராம சபையில் கையெழுத்துப் போடும் முன்

அக்டோபர் 2 கிராம சபையில் மேல்நிலைத் தொட்டியைச் சீரமைக்கத் தீர்மானம் நிறைவேறியது. நகல் கைக்கு வந்தது பிப்ரவரியில். 'சீரமைப்பது' என்று கைதூக்கி ஒப்புக்கொண்ட இடத்தில் 'நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கலாம்' என்று இருந்தது. இன்னும் மனசு ஆறவில்லை.

தப்பு நடந்தது கையெழுத்தில். கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையை (குறைவெண் வரம்பு) காட்ட வேண்டுமென்று கூட்டம் தொடங்குமுன்பே வாங்கிவிடுகிறார்கள் (மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300). வருகைப் பதிவேடு என்று நினைத்துப் போட்டோம்; அது தீர்மானப் புத்தகம். முன்னால் விட்டிருந்த வெற்றுப் பக்கங்களில் தீர்மானங்கள் பிறகுதான் ஏறின. ஆகவே எதில் கையெழுத்து என்று மேலட்டையைப் புரட்டிப் பாருங்கள். கோரிக்கையையும் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். எந்தத் தொட்டி, எந்தத் தெரு, என்ன வேலை என்று எழுதி, கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்பம் வாங்குங்கள்.

நகல் நேரில் கேட்டபோது, "செயலர் வரட்டும்" என்றே மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பிறகு தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். முதல் மனுவில் "ஏன் வேலை தொடங்கவில்லை?" என்று கேட்டது எங்கள் பிழை. விளக்கம் தகவலாகாது என்று ஒரு வரியில் பதில் வந்து, ஒரு மாதம் வீண். 'ஏன்' என்ற சொல்லே மனுவில் வேண்டாம். இரண்டாவது மனுவில், "2.10 கிராம சபைத் தீர்மானப் புத்தகப் பக்கங்கள், வருகைப் பதிவேடு இவற்றின் சான்றிட்ட நகல், பிரிவு 2(ஒ)ன்படி அசல் புத்தகத்தைப் பார்வையிட அனுமதி" என்று மட்டும் எழுதினோம். மனு வேறு அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் கவலை வேண்டாம். பிரிவு 6(3)ன்படி அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

30 நாள் கழிந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்தோம். அதற்குக் கட்டணம் கிடையாது, அடுத்த 30 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். நகல் வந்துவிட்டது. காலக்கெடு தாண்டியதால் பிரிவு 7(6)ன்படி நகலுக்கான பக்கத்துக்கு 2 ரூபாயையும் அவர்களால் கேட்க முடியவில்லை!

மார்ச் 22 சபையில் பெண்களே முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்கள். எழுதியதை வாசிக்காமல் யாரும் பேனாவைத் தொடவில்லை. பற்றாளர் (சபையைக் கவனிக்க அரசு அனுப்பும் அலுவலர்) ஒவ்வொரு தீர்மானமாக வாசித்தார். 'பரிசீலிக்கலாம்' அடிக்கப்பட்டு, 'சீரமைப்பது' என்று எழுதி, பக்கத்திலேயே தலைவர் சுருக்கொப்பம் போட்டார். கடைசித் தீர்மானத்துக்குக் கீழே மிச்சமிருந்த வெற்று வரிகளில் குறுக்குக் கோடு இழுத்த பிறகுதான் கையெழுத்து. பக்கங்களைக் கைப்பேசியில் படமும் எடுத்தாயிற்று.

மே 1 சபைக்கு, வேலை உத்தரவின் நகல் கேட்கும் கோரிக்கை இப்போதே எழுதி வைத்திருக்கிறோம்.