வரி பில்லின் அடிப்பகுதி

எங்கள் கலிஃபோர்னியா வீட்டுக்கான சொத்து வரி பில் இன்று வந்தது. தொகையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபிறகு, வழக்கமாகப் படிக்காத அடிப்பகுதியையும் படித்தேன்.

சொத்து மதிப்பில் 1 சதவீதம் என்ற அடிப்படை வரியை அடுத்து, குட்டிக் குட்டித் தொகைகள். பள்ளி பாண்டு (கடன் பத்திரம்), கல்லூரி பாண்டு என்று வரிசையாக. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தேர்தலில் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, 'சரி, கடன் வாங்குங்க, நாங்க கட்டுறோம்' என்று சொன்னது.

கலிஃபோர்னியாவில் பள்ளிக் கட்டடத்துக்கு 55 சதவீத ஓட்டு போதும். 2000இல் அப்படி மாற்றினார்கள். அதே ஊர் நகராட்சி சாலைக்காக இப்படிக் கடன் வாங்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்! நூற்றில் 65 பேர் கேட்டாலும் 35 பேர் நிறுத்திவிடலாம். இதையும் 55 ஆக்கக் கேட்டு மாநில மக்களின் ஓட்டுக்கு வந்த 'முன்மொழிவு 5', 2024இல் தோற்றது.

கடன் என்றால் மக்களைக் கேட்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த மக்களை?

2016இல் முன்மொழிவு 53 என்று ஒன்று வந்தது. கட்டண வருமானத்திலிருந்து திருப்பிக் கட்டும் பாண்டாக இருந்தாலும், மாநில அரசு 200 கோடி டாலருக்கு மேல் வாங்கினால் மாநிலம் முழுக்க ஓட்டெடுப்பு நடத்த வேண்டுமாம். நூலிழையில் தோற்றது. நல்லவேளை. ஒரு பாலத்துக்கு அதில் போகிறவர்கள் சுங்கம் கட்டுவார்கள், அது வேண்டுமா என்று எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருப்பவர் முடிவு செய்வாரா?