மக்களவை விதிகளில் திருத்தம் கேட்கப் போறீங்களா? அபிடவிட் கேட்டால் விதி 163-ஐக் காட்டுங்கள்

மக்களவை நடைமுறை விதிகளில் இரண்டு இடங்களைத் திருத்தச் சொல்லி எங்கள் வக்கீல் குழு எழுதிய குறிப்பு ஒருவழியாக டெல்லிக்குப் போய்விட்டது. விதிகளைப் படிப்பது பெரிய பாடில்லை. படித்ததைக் காகிதமாக்கி உள்ளே தள்ளுவதற்குள்தான் தாவு தீர்ந்துவிட்டது.

முதலில் புத்தகம். நூலகத்தில் “இதுதான் சார் லேட்டஸ்ட்” என்று அடித்துச் சொல்லிக் கொடுத்த பிரதியில் விதி 374ஏ-யே இல்லை. அவையின் நடுவே வந்து ரகளை செய்யும் உறுப்பினரின் பெயரைச் சபாநாயகர் சொன்னாலே ஐந்து அமர்வுகளுக்கோ, கூட்டத்தொடர் முடியும்வரையோ, எது குறைவோ அதுவரை தானாகவே சஸ்பெண்ட் ஆக்கும் விதி அது. 2001 டிசம்பரில் சேர்த்தது! யார் எந்தப் பிரதியை நீட்டினாலும் முதலில் 374-க்கு அடுத்து என்ன இருக்கிறது என்று பாருங்கள். மக்களவை இணையதளத்திலேயே பிடிஎஃப் இலவசமாகக் கிடைக்கிறது. கூடவே சபாநாயகரின் வழிகாட்டுதல்கள் என்ற தனிப் புத்தகத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். டிவியில் தினமும் கேட்கும் ‘ஜீரோ ஹவர்’ (உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரம்) விதிப் புத்தகத்தில் கிடையவே கிடையாது. எங்கள் ஜூனியர் பையன் அதைத் தேடித் தேடி நொந்துபோனான்.

நாங்கள் கை வைத்தது விதி 8-இலும் 374-இலும். துணைச் சபாநாயகர் தேர்தலுக்குச் சபாநாயகர் தேதி குறிப்பார் என்கிறது விதி 8. எத்தனை நாளுக்குள் என்று இல்லை. அரசியல் சாசனப் பிரிவு 93-உம் ‘கூடிய விரைவில்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. விளைவு, தம்பிதுரைக்குப் பிறகு 2019-24 மக்களவை முழுக்க அந்த நாற்காலி காலி. அதனால் கெடு வைக்கச் சொன்னோம். அடுத்து 374, அதாவது சபாநாயகர் பெயர் சொன்ன உறுப்பினரை அவை தீர்மானம் போட்டு சஸ்பெண்ட் செய்யும் விதி. 2023 டிசம்பர் 14 அன்று சேலம் எம்பி பார்த்திபன் அவையிலேயே இல்லை. ஆனால் சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர் பெயரும் இருந்தது, பிறகு நீக்கினார்கள். தீர்மானம் கொண்டுவரும் முன் பெயர்களைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னோம்.

இதையெல்லாம் மக்களவைக்கான மனுவாக்கி ஓர் எம்பி அலுவலகத்துக்குக் கொண்டுபோனால், அங்கிருந்த உதவியாளர் காகிதத்தைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், “நோட்டரி போட்ட அபிடவிட் எங்க?” என்றார். போய் வாங்கி வந்தோம். “ஆதாரத்தையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கோத்துட்டு வாங்க” என்றார். அங்கேயே பிடிஎஃப்பைத் திறந்து விதி 163-ஐக் காட்டினேன். கடிதம், அபிடவிட், வேறு ஆவணம் எதையும் மனுவோடு இணைக்கக் கூடாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு முறை படித்தார். “அப்ப அதை எடுத்துடுங்க” என்றார், சாவகாசமாக. மனுசனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை! சொல்லவேண்டிய ஆதாரத்தை மனுவின் வாசகத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். தமிழில் எழுதினால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். அதிலும் மனுதாரர் கையெழுத்திட வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு சீனியர் விதி 160-ஐ எடுத்துப் போட்டார். தனித் தீர்மானமாகக் கொண்டுவரக்கூடிய விஷயத்துக்கு மனு செல்லாது என்கிறது அது. எங்கள் கோரிக்கை அதில் சிக்கிக்கொள்ளும் என்பது அவர் கணிப்பு. அந்த அலுவலகத்தில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. மனுவைக் கைவிட்டு, அதையே குறிப்பாக மாற்றி எம்பியிடம் நேரில் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, விதி மாற்றங்களைப் பரிசீலிக்கும் விதிகள் குழுவுக்குச் சபாநாயகர்தான் தலைவர் என்பதால், சபாநாயகருக்கே கடிதம் எழுதிவிட்டார். அந்த வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது.

இனி அந்த 15 பேர் குழு எடுத்துக்கொண்டால் உண்டு. எடுத்து, அறிக்கை அவையில் வைக்கப்பட்டால் ஏழு நாள்தான் அவகாசம். அதற்குள் எந்த உறுப்பினரும் திருத்த நோட்டீஸ் தராவிட்டால் அவை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். குழு நம் வாசகத்தை மாற்றியிருந்தால் அறிக்கை வந்த அன்றே எம்பிக்கு போன் போடுங்கள். உதவியாளரிடம் சொல்லி வைக்காதீர்கள்.