சைலண்ட் வேலி போகிறவர்களுக்கு: ஏஜென்ட்டை நம்பாதீர்கள்

கேரளத்தின் சைலண்ட் வேலி தேசியப் பூங்காவில் சிங்கவால் குரங்கைப் பார்க்கக் கிளம்பி, அதன் நுழைவாயிலான முக்காலி என்ற ஊர் வரை போய் ஜீப்பில் ஏற முடியாமல் திரும்பிய கடுப்பு இன்னும் அடங்கவில்லை, அதைக் கொட்டிவிட்டே குரங்குக்கு வருகிறேன். கோவையில் ஒரு டூர் ஏஜென்ட், "எல்லாம் புக் பண்ணியாச்சு சார், அங்க போய் பேரைச் சொன்னா போதும்" என்று முன்பணம் வாங்கிக்கொண்டார். விடியுமுன் கிளம்பி ஆனைகட்டி, அகளி வழியாகப் போய்ச் சேர்ந்தால் பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. அவருக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். சொந்த வண்டியை உள்ளே விட மாட்டார்கள், காட்டுக்குள் இருக்கும் சைரந்திரி வரை 23 கிலோமீட்டரும் அங்கே ஏற்பாடு செய்யும் ஜீப்தான், அன்றைக்கு எல்லாம் நிரம்பிவிட்டது. கெஞ்சியும் நடக்கவில்லை. அங்கிருந்த ஊழியர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

அடுத்த முறை நாங்களே நேரடியாகப் பதிவு செய்தோம், சிக்கலே இல்லை. முதல் ஜீப்பையே பிடியுங்கள்; வெயில் ஏறினால் குரங்கு கண்ணில் படுவது குறைவு.

இன்னொன்று. வழியில் ஒரு கருங்குரங்கைப் பார்த்ததும் ஜீப்பே "சிங்கவால் குரங்கு!" என்று கத்தியது. அது நீலகிரிக் கருமந்தி. தலை பழுப்பு, வால் நீளம். சிங்கவால் குரங்குக்கு முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி, வால் குட்டை, நுனியில் குஞ்சம். கருமந்தியும் லேசில் கிடைக்காத விலங்குதான், ஆனால் அதையே பார்த்துவிட்டு 'முடிந்தது' என்று திரும்பினால் நஷ்டம் உங்களுக்கு.

எங்களுக்கு அமைந்த வழிகாட்டி மரத்தைப் பார்க்கவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் முள்ளு முள்ளாகப் புதுத் தோல் சிதறிக் கிடந்தது. "வெடிப்பலாண்ணா, இப்பதான் தின்னிருக்கு, பேசாம இருங்க" என்று வண்டியை நிறுத்தச் சொன்னார். வெடிப்பலா, சிங்கவால் குரங்கு விரும்பித் தின்னும் காட்டுக் காய். அண்ணாந்தால் மேலே ஒரு கூட்டமே, குட்டியோடு! சிங்கவால் குரங்கு பெரும்பாலும் உச்சிக் கிளைகளிலேயே வாழ்வது, பைனாகுலர் இல்லாவிட்டால் கறுப்புப் புள்ளிதான் தெரியும். எங்களிடம் இருந்தது.

சைரந்திரியில் காவல் கோபுரம் ஏறினால் குந்திப்புழா பாயும் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. அங்கே வரவிருந்த அணைத் திட்டத்தை 1983இல் கைவிட்டு, 1984இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். திட்டம் நடந்திருந்தால் இந்தக் காட்டில் ஒரு பகுதி தண்ணீருக்குள் போயிருக்கும், அப்புறம் எந்தக் குரங்கைத் தேடுவது?

மழை விட்ட கையோடு போகிறவர்கள் உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷூவுக்குள் புகுந்த அட்டையை ஜீப்பில் ஏறிய பிறகுதான் கண்டுபிடித்தேன்.