மாத்திரையை ராத்திரிக்கு மாற்றிய பிறகு

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். விடியுமுன்னே ஜீப்பு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு வழியாகக் கேரளாவில் வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும். பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடும். அம்மா இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் போய்வருகிறார்.

2025 ஏப்ரலில் தொடங்கிய இருமலுக்கு ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு மாதம் டானிக்கும் ஊசியுமாக ஓட்டினோம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளி பார்க்க வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஜூனில் அரசு மருத்துவமனையில் சளி கொடுத்தோம். காசநோய். அன்று அம்மாவின் எடை 36 கிலோ.

காலில் வீக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தார்கள், மூச்சை எண்ணினார்கள், விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் பார்த்தார்கள், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்கச் சொன்னார்கள். 2022 முதல் நம் மாநிலத்தில் நடக்கும் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' இதுதானாம். யாரை உடனே படுக்கையில் சேர்க்க வேண்டும் என்று முதல் நாளே பிரித்துவிடுகிறார்கள். அம்மாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் மூன்று மாத்திரை, வெறும் வயிற்றில், ஆறு மாதம்.

இரண்டு வாரம் வீட்டில் இருந்தார். மூன்றாவது வாரம், "கூலி இல்லாட்டி அடுப்பு எரியாதுடி" என்று ஜீப்பு ஏறிவிட்டார். நான் தடுக்கவில்லை, தடுக்கிற நிலையில் வீடும் இல்லை. கொஞ்ச நாளில் அரிசிப் பானைக்குள் கை விட்டால் மாத்திரை தட்டுப்பட்டது. பதினோரு மாத்திரை. நான் அழுதுவிட்டேன்.

கிராம சுகாதார செவிலியரைக் கூப்பிட்டேன். திட்டுவார் என்று நினைத்துப் பயந்திருந்தேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க, அக்கா?"

அதற்கப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. நாலரைக்கு மாத்திரை போட்டால் மலைப்பாதை வளைவில் குமட்டுகிறது. இரண்டு தடவை ஜீப்பிலேயே வாந்தி. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. தோட்டத்தில் மறைவிடம் ஏது, கூட வருகிறவர்கள் பார்த்துவிட்டால்? அந்த நிறம் ரிஃபாம்பிசின் மருந்தால் வருவது, கெடுதல் இல்லை என்று இத்தனை நாளில் அம்மாவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நான் உட்பட.

"வீட்ல கடைசியா சாப்பிடுறது யாரு?" இது அவருடைய இரண்டாவது கேள்வி. அம்மா பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

டாக்டரிடம் போனிலேயே பேசி, மாத்திரையை ராத்திரி ஏழு மணிக்கு மாற்றினார். சாயங்காலம் வந்ததும் டீயோடு எதையும் கடிக்கக் கூடாது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து முதல் தட்டு அம்மாவுக்கு, முட்டையோடு. அட்டை வைத்து அடைத்திருந்த ஜன்னலை அவரே திறந்துவிட்டார். என் நாலு வயது மகனைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியான பின் அவனுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்கினார்கள்.

பணத்துக்குத்தான் அலைந்தோம். சத்துணவுக்கு மத்திய அரசு மாதம் 1000 ரூபாய் தருகிறது. 2024 நவம்பருக்கு முன் 500. அது நோயாளியின் வங்கிக் கணக்கில்தான் விழும். அம்மாவின் கணக்கு முடங்கிக் கிடந்தது. அதை உயிர்ப்பிக்கக் கைரேகை வேண்டும். ஏலக்காய் உருவி உருவி அம்மாவின் விரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. மூன்று நடை போனோம், மூன்று நாள் கூலி போனது. கடைசி நடையில் வேறு விரலை வைத்ததும் மெஷின் ஏற்றுக்கொண்டது. யாருக்காவது இது உதவும் என்றால்: சளி முடிவு வந்த அன்றே பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள்.

ஆகஸ்டில் காய் எடுப்பு சூடு பிடித்து, அம்மா தோட்டத்து லயத்திலேயே, அதாவது தொழிலாளர் குடியிருப்பிலேயே, பத்து நாள் தங்க வேண்டி வந்தது. செவிலியர் மாத்திரையை எண்ணிக் கட்டிக் கொடுத்து, அந்தப் பக்கத்துச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடமும் பேசிவைத்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசும் அந்த அக்கா தினம் ராத்திரி எட்டிப் பார்த்தாராம். செவிலியரும் அந்த அக்காவும் இன்றுவரை ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

டிசம்பரில் மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை, எடை 42 கிலோ. இன்னும் இரண்டு வருஷம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும்.

மழைக்குத் தார்ப்பாய் மூடிய அதே ஜீப்பில் அம்மாவோடு போகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் எக்ஸ்ரே எடுத்துவிட்டார்கள். ஒருநாள் கூலியை விட முடியாத மற்ற மூன்று பேரில் இரண்டு பேருக்கு இருமல் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கே சளி டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் செவிலியர். நாளை காலை ஜீப்பு வருமுன் நான் போய் வாங்கி வர வேண்டும்.