ஒரு சொல்லுக்கு இவ்வளவு பயமா?

ஸ்டீஃபன் லாரன்ஸ் 18 வயதுக் கறுப்பினப் பையன். 1993 ஏப்ரலில், லண்டன் எல்தமில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவனை வெள்ளைக்காரப் பையன்கள் குத்திக் கொன்றார்கள். லண்டன் மாநகரப் போலீஸின் விசாரணை படுசொதப்பல். காரணங்களில் ஒன்று நிறுவனமயமான இனவெறி (ஒரு சில ஆட்களிடம் மட்டுமல்ல, அமைப்பின் நடைமுறையிலேயே ஊறிப்போனது) என்று, அந்த விசாரணையை ஆராய்ந்த மேக்ஃபர்சன் அறிக்கை 1999இலேயே எழுதிவிட்டது. இரண்டு பேருக்குத் தண்டனை கிடைக்கவே 2012 ஆனது.

சரி, திருந்தியிருப்பார்கள் என்று பார்த்தால், அதே போலீஸை ஆராய்ந்த 2023ஆம் ஆண்டின் கேசி அறிக்கையும் அதையேதான் சொல்கிறது. முஸ்லிம் காவலரின் பூட்ஸுக்குள் பன்றி இறைச்சியைப் போட்டிருக்கிறார்கள். சீக்கியக் காவலரின் தாடியை வெட்டியிருக்கிறார்கள். கூட வேலை பார்ப்பவருக்கே இந்தக் கதி என்றால், தெருவில் நிறுத்திச் சோதனை போடப்படும் கறுப்பினப் பையனுக்கு?

லண்டன் போலீஸ் கமிஷனர் மார்க் ரௌலி அறிக்கையை ஏற்றுக்கொண்டார். ஆனால் 'நிறுவனமயமான' என்ற சொல்லை மட்டும் பயன்படுத்த மாட்டாராம், அது அரசியலாகிவிட்டதாம். அப்புறம் என்ன, விவாதமெல்லாம் அந்த ஒற்றைச் சொல்லைச் சுற்றித்தான்.