நுவரெலியாக் குளிரும் எங்கள் லீஃப் காரும்

பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டுக்கு நுவரெலியா போகிறோம் என்றதும் கண்டியில் கேட்டவர்கள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அந்தக் குளிருக்குப் பெட்டரி கார் தாங்காது."

எங்களுடையது 40 யூனிட் பெட்டரி உள்ள பழைய நிசான் லீஃப். 96 சதவீத சார்ஜோடு, நாலு பேர் ஏறிக் கிளம்பினோம். கம்பளை, புசல்லாவை தாண்டும்வரை கவலை இல்லை. இறம்பொடையில் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் சதவீதம் கண்ணெதிரே இறங்கியது. லபுக்கலையில் மூடுபனி, தூறல். கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்து பாதை மறைந்ததால் ஹீட்டரைப் போட்டேன். 77 கிலோமீற்றர் ஓடி டவுனுக்குள் நுழையும்போது மீதி 41 சதவீதம்.

எல்லோரும் சொன்னது சரிதானோ என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கண்டி சுமார் 500 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. ஆட்களோடு 1,800 கிலோ வரும் வண்டியை அவ்வளவு மேலே தூக்கவே ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் வேண்டும். அது கொழும்பு வெயிலிலும் ஆகிற செலவுதான். குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் ஹீட்டர். பெட்ரோல் கார் எஞ்சின் சூட்டையே உள்ளே திருப்பிவிடும். மின்சாரக் காரில் அந்தச் சூடும் பெட்டரியிலிருந்துதான் வரவேண்டும். மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கிறது என்று வையுங்கள். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் அந்த ஒரு மணி நேரத்தில் 60 கிலோமீற்றர் போயிருப்போம். மலையில் லொறிக்குப் பின்னால் 25இல் ஊர்ந்தால் வெறும் 25தான். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகனச் சங்கம் 2019இல் வெளியிட்ட சோதனையும் இதையே காட்டுகிறது: மைனஸ் 7 பாகையில் ஹீட்டர் இல்லாமல் தூரம் சராசரியாக 12 சதவீதம் குறைந்தது, ஹீட்டரோடு 41 சதவீதம். நம்ம நுவரெலியா அந்தக் குளிருக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆனால் குளிர் வேறொரு இடத்தில் பிடித்தது, இறக்கத்தில்.

இரவு முழுக்கச் சித்தப்பா வீட்டுப் பிளக்கில் சார்ஜ் ஏறியது. பழைய வயரிங் என்பதால் சித்தப்பா நித்திரை விட்டு எழும்பி எழும்பி வந்து, புறங்கையால் பிளக்கைத் தொட்டு, சூடு பார்த்துவிட்டுப் போனார். விடியும்போது 100 சதவீதம். வெளியே 5 பாகை. புல்லில் உறைபனி, கார்க் கூரையில் உப்புத் தூவியது மாதிரி வெள்ளை.

இறக்கத்தில் மோட்டார் பின்னோக்கி மின்சாரம் உண்டாக்கி வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று நம்பியிருந்தேன். அந்தப் பிடிப்பைக் கூட்டும் B கியரில் போட்டும் பிடிக்கவில்லை. பெட்டரி நிறைந்திருந்தால் புது மின்சாரம் போக இடமில்லை. குளிர்ந்திருந்தால் லித்தியம் மெதுவாகத்தான் உள்ளே ஏறும். அதனால் கார் தானாகவே மின்சார வரவைக் குறைத்துவிடும், அதோடு பிடிப்பும் குறையும். அன்று எங்களுக்கு இரண்டும் சேர்ந்துவிட்டன. பிரேக்கை மட்டும் நம்பி லபுக்கலையைத் தாண்டியபோது கருகிய வாடை வந்தது. எனக்குக் கை நடுங்கியது. அருவிக்குப் பக்கத்தில் ஓரம்கட்டி, சில்லுகள் ஆறும்வரை ஒரு தேநீர்க் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தோம். பிளேன்டீயும் வடையும் நன்றாகத்தான் இருந்தன, யாருக்கும் இறங்கவில்லை.

மலைக்கு மின்சாரக் காரில் வருகிறவர்கள் ஏறும்போது சார்ஜ் போதுமா என்றுதான் கேட்கிறார்கள். இறங்குமுன் பெட்டரியில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள், தயவுசெய்து.

பெப்ரவரியில் மறுபடி போனோம். இந்த முறை சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தச் சொன்னேன். வெயில் ஏறி, ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஹீட்டருக்குப் பதில் சீட் சூடு, அம்மாவுக்கு ஒரு கம்பளி. லபுக்கலையிலிருந்து இறம்பொடை வரை சதவீதம் அசையவே இல்லை, பிரேக்கை நாலைந்து தடவைதான் மிதித்தேன். கம்பளை வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "பிரேக் வாடை அடிச்சதா?" என்றுதான் முதலில் கேட்டார்.